மஞ்சள் டிஸ்க் வரை

எந்த டிஸ்க்கை முதலில் உருவினீர்கள் என்று உதயா கேட்டான். பச்சை என்றாள் ஷீலா. பிறகு மஞ்சள், சிவப்பு, கடைசியில் நீலம். யோசிக்காமல் வந்தது பதில். உதயா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். தரை ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் செய்ததை இவ்வளவு தெளிவாக யாராவது சொல்வார்களா என்று நினைத்திருப்பான். அவளும் அதைத்தான் நினைத்தாள். பச்சையின் கொக்கி லேசாக விட்டுக்கொடுத்தது. மஞ்சளின் கொக்கி இறுக்கம், கட்டைவிரல் நகம் மடங்கியது. சிவப்பு சூடாக இருந்தது. எல்லாம் விரலில் அப்படியே இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டாளா என்பது மட்டும் எங்கும் இல்லை.

மேசையில் துண்டு விரித்து நான்கு டிஸ்க்குகளையும் வரிசையாக வைத்திருந்தான் உதயா. ஒவ்வொன்றின் முகப்பிலும் அவன் முன்பு ஒட்டிய வண்ணப் பொட்டு. அவற்றைச் சொருகும் கணினிச் சேமிப்புப் பெட்டி காலியாக, அலமாரியில் நான்கு பல் போன வாயோடு நின்றது. தீவுத் தலைநகரின் அபர்டீன் பஜாரில் துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற இந்த ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. உரிமையாளர் நந்தகுமார் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். கேமராவைத் தவிர எந்த இயந்திரத்தையும் நம்பாதவர். பெட்டியை வாங்கி மாட்டிக்கொடுத்த உதயா அவருக்குப் புரியும்படி ஒன்று சொல்லியிருந்தான். நாலு பேர் சேர்ந்து ஓர் அண்டாவைத் தூக்குகிறார்கள். ஒருத்தன் கையை விட்டாலும் மற்ற மூன்று பேர் தாங்கிக்கொள்வார்கள். இரண்டு பேர் விட்டால் அண்டா கீழே.

ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் ஷீலாவும் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் அவள் மனதில் நின்றது வேறு. சென்ற மழைக்காலத்தில் ஒரு டிஸ்க் பழுதாகி, உதயா வந்து, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உருவிப் புதிதைச் சொருகினான். அதுதான் பச்சை. கரண்டை நிறுத்த வேண்டாமா என்று அவள் கேட்டாள். தேவையில்லை அக்கா, ஓடும்போதே எடுக்கலாம், அதுக்குத்தான் இந்தக் கொக்கி என்றான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஓடும்போதே எடுக்கலாம். ஒன்றை மட்டும் என்று அவன் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. ஆட்டத்தில் விழுந்துவிடக் கூடாதென்று பெட்டியை அலமாரியோடு சேர்த்துத் திருகியவனும் அவன்தான். அதனால்தான் பெட்டியோடு தூக்க முடியவில்லை.

நிலநடுக்கம் வந்தது மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு முற்பகலில். நந்தகுமார் ஒரு கல்யாணத்துக்காக வடக்கே ரங்கத்துக்குப் போயிருந்தார். ஸ்டூடியோவில் ஷீலாவும் அவளுடைய அப்பா அழகையாவும் மட்டும். அப்பாவுக்கு முதல் நாள்தான் இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். சௌல்தாரியில் இருக்கிற வீட்டில் தனியாக விட்டு வர மனமில்லை. கணவன் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை, வீட்டுக்கு வர இன்னும் நாளாகும். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு இங்கே கூட்டிவந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவில் காலை நீட்டி உட்கார வைத்திருந்தாள். இடது கண்ணில் கட்டு. வலது கண்ணிலும் புரை இருந்தது. ஆள் அசைவது தெரியும், அவ்வளவுதான்.

சிறிய ஆட்டம்தான் என்று பிறகு சொன்னார்கள். டியூப்லைட் ஊசலாடியது, கண்ணாடி அலமாரியில் ஆல்பங்கள் சரிந்தன. டிஸ்க்குகளின் கொக்கிகளைத் தவிர, அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தோளில் பையோடு மேட்டுத் தெருவில் ஏறிக்கொண்டிருந்தது. சுனாமி அலைக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து வந்தவர்கள் யாரும் ஆடி முடியும்வரை காத்திருப்பதில்லை. ஆடியதும் எடுக்க வேண்டியதை எடு, மேடேறு. முகாமிலும் பள்ளியிலும் பாடமாகச் சொல்லிக் கொடுத்து எலும்பில் ஏறியது. வீட்டில் கதவுக்குப் பின்னால் பை தயாராகத் தொங்கும். ஸ்டூடியோவில் எதை எடுப்பது என்று நந்தகுமார் ஒருநாள் சொல்லியிருந்தார். ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பொட்டிய மட்டும் பாத்துக்கம்மா, மத்ததெல்லாம் மயிரு.

பள்ளிக்கூட மதிலுக்குக் கீழே கூட்டம் நின்றது. அரே, குச் நஹி ஹோகா, ஒன்றும் ஆகாது என்று ஒருவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலர் சிரித்துக்கொண்டு கைபேசியில் படம் பிடித்தார்கள். ஷீலா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். டிஸ்க்குகளின் சூடு துணி வழியே இறங்கியது. பக்கத்தில் நின்ற வங்காளிப் பெண் பையைப் பார்த்தாள், ஷீலாவின் கைகள் அதைத் தாங்கியிருந்த விதத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

“பச்சா ஹை க்யா அந்தர்?”

உள்ளே குழந்தையா. அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது.

இறங்கி ஓடியது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. அழகையா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். வேட்டியில் சுண்ணாம்பு. சுவரைத் தடவியே இறங்கியிருக்கிறார். துணிக்கடை ஆவுடையப்பன் அவர் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஷீலா வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆவுடையப்பனிடம் சொன்னார்.

“எம் புள்ள கூப்புட்டுச்சுங்க. நாந்தான், நீ போ, இந்தா வர்றேன்னேன்.”

ஆவுடையப்பன் தலையாட்டினார். ஷீலா அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள்.

அலை வரவில்லை. ஆட்டத்துக்குப் பிறகு போயிருந்த கரண்ட் திரும்பியதும் அவள் டிஸ்க்குகளைப் பொட்டு பார்த்து அதே இடங்களில் சொருகினாள். பெட்டி விடாமல் கத்தியது. திரையைத் திறந்தால் சேமிப்பு எதுவும் இல்லை, புதிதாக ஒன்றை உருவாக்கட்டுமா என்று கேட்டு நீலப் பொத்தான் ஒன்று நின்றது. அவள் உதயாவுக்கு போன் செய்தாள். எதையும் தொடாதீங்க அக்கா, அந்தப் பொத்தான் பக்கமே போகாதீங்க, ஸ்விட்சை அணைங்க என்றான். நான்கு டிஸ்க்கையும் ஓடும்போதே உருவினாள் என்று கேட்டதும், நாலையுமா அக்கா என்றான்.

மறுநாள் ரங்கத்திலிருந்து வந்த நந்தகுமார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று ஷீலாவுக்கு இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வருசக் கல்யாணம் என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். உதயா அவருக்கு விளக்கினான். டிஸ்க்குகள் கெடவில்லை. கூட்டுதான் உடைந்தது. மூலத்தில் கை வைக்காமல் நான்கையும் நகல் எடுத்து, நகல்களைச் சேர்த்துக் கட்டிப் பார்க்கலாம். அதற்கு அதே அளவில் புது டிஸ்க்குகள் வேண்டும். அவை இங்கே கிடைக்காது. மெயின்லேண்டிலிருந்து யாராவது கையோடு கொண்டுவர வேண்டும். நந்தகுமார் சென்னை விமானத்தில் வரப்போகிற ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தார்.

காத்திருந்த நாட்களில் அவர் பழைய மாதிரி ஆகிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் ஷீலாவைக் காட்டிச் சொன்னார்.

“பெத்த அப்பனயே விட்டுட்டு என் டிஸ்க்க தூக்கிட்டு ஓடுன பொண்ணுய்யா. இப்பிடி ஒரு ஆளு எங்க கெடைக்கும்?”

பாராட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டு மாற்ற வந்த நாளில் அழகையாவும் சோபாவில் இருந்தார். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

“விட்டுட்டு ஓடல சார். கூப்புட்டுச்சு.”

“சரி பெரியவரே, கூப்புட்டுச்சு. நீங்க ஏன் போகல?”

“எனக்குக் கண்ணு தெரியல. புள்ளைக்கும் சேத்து எதுக்கு லேட்டுன்னு விட்டேன்.”

அவர் சொல்லச் சொல்ல ஷீலாவுக்கு அது நடந்தது போலவே இருந்தது. கதவருகே நின்று திரும்பிப் பார்ப்பதும், வாங்கப்பா என்பதும், அவர் கையை வீசுவதும். பாத்திரம் தேய்க்கும்போது அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஆனால் அந்தக் காட்சியில் அவளுடைய முகம் அவளுக்கே தெரிந்தது. நினைவில் யாருக்கும் தன் முகம் தெரியாது. இது அப்பா வரைந்து கொடுத்தது. அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்டூடியோ மூலையில் ஒரு கேமரா உண்டு. ஒரு ஆல்பம் காணாமல் போனதிலிருந்து நந்தகுமார் மாட்டியது. பேச்சும் பதியும். அதுவும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் எழுதிக்கொண்டிருந்தது. கல்யாணங்கள் திரும்ப வர வேண்டும் என்று நந்தகுமார் காத்திருந்தார். அவள் அந்த ஒரு நிமிடம் வர வேண்டும் என்று காத்திருந்தாள். தான் கூப்பிட்டிருக்க வேண்டும். அது தன் குரலில் அங்கே இருக்க வேண்டும்.

டிஸ்க்குகள் கான்ட்ராக்டரின் கைப்பையில், சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வந்து சேர்ந்தன. நகல் எடுப்பது நாள்கணக்கில் இழுத்தது. இடையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. முடிந்த அன்று காலைதான் உதயா அந்தக் கேள்வியைக் கேட்டது. எதை முதலில் உருவினீர்கள்.

பச்சை என்று சொன்னதும் கருப்புத் திரையில் ஏதோ தட்டினான். ஒவ்வொரு டிஸ்க்கும் கடைசியாக எழுதியபோது தனக்குள் ஓர் எண்ணைக் குறித்து வைத்திருக்கும். மூன்று டிஸ்க்குகளில் எண் ஒன்றாக இருந்தது. பச்சையில் மட்டும் குறைவு.

“பக்கா அக்கா. பச்சதான் மொதல்ல வந்திருக்கு. அத விட்டுட்டு மத்த மூணையும் கட்றேன். பச்சையையும் சேத்தா பழச புதுசோட கலந்துடும்.”

அழகையா சோபாவில் இருந்தார். மறு பரிசோதனை முடிந்து, கட்டு எடுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நந்தகுமார் ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தார். திரையைப் பார்க்க அவருக்கு பயம். உதயா நிறுத்தி நிறுத்தித் தட்டினான். படிக்க மட்டும், எழுத முடியாதபடி திறக்கிறேன் என்றான். பிறகு கையை எடுத்துவிட்டான். திரையில் வரி வரியாகப் பெயர்கள் இறங்கின. மாப்பிள்ளைகளின் பெயர்கள், பெண்களின் பெயர்கள், தேதிகள். உதயா ஒரு வீடியோவைத் திறந்தான். யாரோ ஒரு மாமா பந்தியில் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி, என்னை எடுக்காதே என்றார்.

நந்தகுமார் ஜன்னல் பக்கம் திரும்பியே நின்றார். தோள்கள் குலுங்கின. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இனிப்பு வாங்கி வருகிறேன் என்று படியில் இறங்கினார்.

“கேமரா ஃபோல்டர் இருக்கா?” என்றாள் ஷீலா.

இருந்தது. கடைசிக் கோப்பு பாதியில் அறுந்திருந்ததால் முதலில் திறக்க மறுத்தது. உதயா அதை ஏதோ செய்து ஒட்டினான். அவன் முகத்தில் ஒரு தொழில்காரனின் ஆர்வம்தான் இருந்தது. ஒலியைக் கூட்டி வைத்தான்.

மேலே மூலையிலிருந்து தெரிந்தது ஸ்டூடியோ. ஷீலா மேசையில் குனிந்திருக்கிறாள். அப்பா சோபாவில் கால் நீட்டியிருக்கிறார், கண்ணில் வெள்ளைக் கட்டு. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படம் அதிர்ந்தது. ஆல்பங்கள் சரியும் சத்தம். அப்பா முதுகை நிமிர்த்தினார்.

“என்னா புள்ள, ஆடுதா?”

படத்தில் இருந்த ஷீலா எழுந்தாள். பதில் சொல்லவில்லை. நாற்காலியில் கிடந்த பையை எடுத்தாள். அலமாரிக்குப் போகிற வழியில் அப்பாவின் கால் நீட்டியிருந்தது. அதைத் தாண்டினாள், தரையில் கிடக்கும் தண்ணீர்க் குழாயைத் தாண்டுகிற மாதிரி. அப்பா கையை நீட்டிக் காற்றில் துழாவினார். விரல்கள் அவளுடைய துப்பட்டா முனையைப் பிடித்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பட்டாவை இழுத்தாள். ஒரு தடவை வரவில்லை. இரண்டாம் தடவை வெடுக்கென்று இழுத்து விடுவித்துக்கொண்டாள்.

“ஷீலா,” என்றது அப்பாவின் குரல்.

பச்சை வெளியே வந்தது. அவள் அதைப் பைக்குள் பதமாக வைத்தாள். மஞ்சளின் கொக்கியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். முகம் கொஞ்சம் கோணியது. அத்தோடு படம் நின்றது. அப்பாவின் கை காற்றில் நின்றது.

உதயா தொண்டையைச் செருமினான். அவன் திரும்பி சோபாவைப் பார்க்கவில்லை.

“இதோட கதம் அக்கா. பச்ச போனப்ப பொட்டி எழுதிட்டுதான் இருந்திருக்கு. மஞ்சளும் போனதும் நின்னுடுச்சு. அதுக்கப்பறம் நடந்தது எதுலயுமே இருக்காது. செவப்பு, நீலம் எடுத்தது, நீங்க வெளிய போனது, எதுவும்.”

அவள் தலையாட்டினாள்.

“நந்தகுமார் அண்ணன் கேட்டா இந்த ஃபைல் மட்டும் தேறலன்னு சொல்லிடட்டா?”

“இருக்கட்டும் உதயா.”

அவன் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். போகும்போது திரையை அணைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே விட்டுப் போனான்.

ஷீலா துப்பட்டாவின் முனையைப் பார்த்தாள். இது வேறு துப்பட்டா. இழுத்தபோது கையில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். துணி இறுகியது, விட்டது. நகம் மடங்கியது தெரிந்த கைக்கு இது தெரியவில்லை. முதல் தடவை வராதபோது ஏதோ ஆணியில் மாட்டியது என்று நினைத்தாளா. எதுவும் நினைக்கவில்லையா. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. தன்னைப் போல உடுத்திய யாரோ ஒருத்தி அந்த அறையில் நடந்து போனாள். அவளை ஷீலாவுக்குத் தெரியாது.

கச்சாலில் அலை வந்த காலையில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்று நடந்ததில் அவளிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அப்பாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது, ரப்பர் மரங்களுக்கு ஊடே, தோள் கழன்றுவிடும் போல. அலையில் போன அம்மா ரெங்கம்மா அப்போது தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டைத் திறந்துகொண்டிருந்தாளாம். மற்றதெல்லாம் அப்பா சொன்னது. இருபது வருடமாக, கேட்டவர்கள் எல்லோரிடமும், ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொல்லிவந்தது. கூப்பிட்டேன். அவதான், நீங்க போங்க, இந்தா வர்றேன்னா.

அவள் மெதுவாகத் திரும்பினாள். அழகையா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆல்பம் சரிந்ததை, தன் குரலை, உதயா சொன்னதை.

“மருந்து ஊத்துற நேரம் ஆயிருச்சு,” என்றார்.

அவள் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடியை அவரே கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தலையைப் பின்னால் சாய்த்தார்.

“நான் எப்பப்பா கூப்பிட்டேன்?”

கீழே தெருவில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்து அடித்து வழி கேட்டது.

“அந்தப் பொட்டியெல்லாம் நோண்டி முடிச்சிட்டு, வாசக்கிட்ட போயி நின்ன. அப்பத்தான்.”

“என்னன்னு கூப்பிட்டேன்?”

“அப்பான்னுதான். வேற என்னன்னு கூப்புடுவ.”

அவருடைய குரலில் ஒரு சுருக்கமும் இல்லை. மஞ்சளுக்கு அப்புறம், நீலத்துக்கும் அப்புறம். யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் அந்த அழைப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். உதயா சொன்னதைக் கேட்டபின் வைத்தாரா, அது அங்கேதான் இருந்ததா. ஷீலா அவருடைய கீழிமையில் விரலை வைத்து இறக்கினாள். உள்ளே சிவப்பு இன்னும் முழுதாக மறையவில்லை. மருந்துக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்தாள்.

“அம்மாவ எங்க நின்னுப்பா கூப்பிட்டீங்க?”

அவளுடைய விரலின் கீழ் இமை துடித்தது. மூடிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தாள். மூடவில்லை. இரண்டு கண்களையும் முடிந்த மட்டும் அகலத் திறந்து, மேலே, அவளுடைய முகம் இருக்கும் திசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“மருந்த ஊத்து புள்ள.”

குப்பியின் முனையில் துளி திரண்டது. கனத்தது. அவள் விரல் அதை அழுத்தவும் இல்லை, விலக்கவும் இல்லை. அவர் சிமிட்டாமல் காத்திருந்தார்.